வியர்க்காத ஐஸ்பேக்

போன மாதம் எங்கள் பழைய ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கிராம சுகாதாரச் செவிலியராகப் புதிதாக வந்திருப்பவள். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குள் இப்போது ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்களாம். குளிர் கூடினாலும் குறைந்தாலும் அதுவே செல்போனுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம்.

"இனிமே யாரும் தப்பு பண்ண முடியாதுக்கா. மிசினு இல்லாத காலத்துலயே நீங்க ஒரு தப்பும் இல்லாம பாத்தீகளாமே. எல்லாரும் சொல்றாக. எப்படிக்கா?" என்று கேட்டாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த எஸ்தர் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கக்கா, எப்படின்னு" என்றாள், முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, பாவம். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் அது இருக்கிற ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். நடந்ததற்குப் பொறுப்பு நான்தானே தவிர, கட்டடமும் ஊரும் அல்ல.

என் பெயர் பாண்டியம்மாள். பண்ணைப்புரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். பத்தாம் வகுப்பு முடித்ததும் மதுரையில் பதினெட்டு மாதம் செவிலியர் பயிற்சி. அதில் எனக்கு நினைவிருப்பது இரண்டே இரண்டு: விடுதிச் சாம்பார், 'எழுதாத வேலை செய்யாத வேலை' என்று எங்கள் பயிற்சி ஆசிரியை தினமும் சொன்னது. சாம்பாரை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மற்றதை முப்பத்து மூன்று வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. பதவி உயர்வு வந்து, ஆறு துணை சுகாதார நிலையங்களின் செவிலியர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை கிடைத்தபோது, அவர்களும் என்னைப்போலவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். யாராவது தாமதமாக வந்தால் திட்ட மாட்டேன். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை, அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மத்தியானம் அந்தப் பெண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் அறைக்குள் தனியாகச் சாப்பிடுவேன். மேற்பார்வையாளர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்த வட்டத்தின் நடுவில் எப்போதும் எஸ்தரின் குரல் கேட்கும். போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் அவளுடையது. கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வாய் பேசத் தெரியாமல் இருக்குமா? பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் முன்சீட்டுக்காரியின் மூன்று தலைமுறை அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வேலையில் எல்லாமே தலைகீழ். பதிவேட்டை மடியில் வைத்து ஓடுகிற பஸ்ஸில் எழுதுவாள். குழந்தைகளின் எடையை உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, கை கழுவிவிட்டு, மறுபடி எடை போடப் போவாள். நான் எழுதிக் கொடுத்து அவளுக்கு நான்கு மெமோ வந்திருந்தது. அவளுடைய துணை நிலையம் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. எங்களிடமிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

இனி ஐஸ்பேக் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்துக் குப்பிகள் எங்கள் நிலையத்துக் குளிர்பெட்டியில் இருக்கும். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. காலையில் அவற்றை எடுத்து, கைப்பிடி வைத்த நீலப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் அதை ஊசிப்பெட்டி என்பார்கள். அதைப் பார்த்தாலே ஓட்டம் எடுப்பார்கள். அந்தப் பெட்டியின் நான்கு பக்கமும் நான்கு ஐஸ்பேக் வைப்போம். பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் ஊற்றி உறைய வைத்ததுதான் ஐஸ்பேக். அதை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைக்கக்கூடாது. மேசைமேல் வரிசையாகப் பரப்பிக் காத்திருக்க வேண்டும். மேலே படிந்த வெண்பனி போய், உறை வியர்க்கத் தொடங்க வேண்டும். எடுத்துக் காதோரம் குலுக்கினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் சலசலக்க வேண்டும். அரைமணி ஆகும், சில நாள் ஒரு மணி நேரமும் ஆகும். அப்புறம் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கலாம்.

காரணம் எளிது. வியர்க்காத ஐஸ்பேக் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இருக்கும். பக்கத்தில் இருக்கிற மருந்தையும் உறைய வைத்துவிடும். சூடு பட்டால் மருந்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில மருந்துகள் குளிர் அதிகமானாலும் கெடும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துக் கைக்குழந்தைகளுக்குப் போடுகிற பெண்டா ஊசி அந்த வகை. ஒரு தடவை உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் அதில் சத்து இருக்காது. போட்டால் கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் தாய் தடுப்பூசி போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பாள், பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது.

இதை ஆறு செவிலியர்களுக்கும் வகுப்பெடுத்தவள் நான்.

அந்த வருடம் மருந்தாளுநர் மாறுதலாகிப் போய், குளிர்பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. கொடுமையான மே மாதம். எஸ்தரின் பெட்டி மட்டும் மத்தியானம் திரும்பி வரும்போது ஐஸ் முழுக்கத் தண்ணீராக இருந்தது. எனக்குத் தெரியும் ஏன் என்று. பெட்டி மூடியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயிடமும் கதை பேசுவாள். சொல்லிப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தும் பார்த்தேன். பிறகு நானே ஒரு முடிவு செய்தேன். மற்ற ஐந்து பெட்டிகளுக்கும் முறைப்படி வியர்க்க விட்டேன். எஸ்தர் பெட்டிக்கு மட்டும் உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் கல்லு மாதிரி நேராக வைத்தேன். இரண்டு பஸ், இந்த வெயில், இவளுடைய வாய், எல்லாம் சேர்ந்து வழியிலேயே பதமாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். விதியை நான் மீறியதாகவே எனக்குப் படவில்லை. அவளுடைய கவனக்குறைவை என் கவனத்தால் ஈடுகட்டுவதாக நினைத்தேன்.

மூன்று புதன்கிழமை அப்படிச் செய்தேன்.

மூன்றாவது புதன் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு எஸ்தர் என் அறைக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே பேசத் தொடங்குகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பெட்டியிலிருந்து ஒரு பெண்டா குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கடைசிக் குப்பிக்கா. திறக்கல. பாருங்க."

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சீராகக் கலங்கியிருக்க வேண்டிய மருந்தில், திரிந்த பாலில் மிதப்பதுபோலப் பிசிறு பிசிறாக இருந்தது. என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "நீ என்ன செஞ்ச?"

அவள் கோபப்படவில்லை. "பெட்டிய நீங்கதான கட்டுனீக" என்றாள், வெகு மெதுவாக.

அவளுடைய பதிவேட்டை வாங்கிப் பிரித்தேன். மூன்று வாரம், அவளுடைய ஊரில் இருபத்து மூன்று குழந்தைகள். பதிவேட்டில் அத்தனை பேருக்கும் நேராக அழகான டிக். என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். போற வழியில ஐஸ் உருகிருச்சு, பக்கத்துக் கடையில ஐஸ் வாங்கிப் போட்டேன்னு நான் எழுதிக் குடுத்துர்றேன். என்னையச் சொன்னா எல்லாரும் நம்புவாக. எனக்கு மெமோ என்ன புதுசா? நீங்க ஒரு மெமோ வந்தாத் தாங்க மாட்டீக."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் "சரி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். நான் எழுந்து வேலையைத்தான் பார்த்தேன். மருந்து உறைந்து கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. அதே தொகுப்பிலிருந்து ஒரு நல்ல குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, மறுநாள் உருக விட்டு, சந்தேகக் குப்பியையும் அதையும் ஒன்றாகக் குலுக்கி மேசைமேல் வைக்க வேண்டும். அதற்காக ஒரு குப்பியை உறைபெட்டிக்குள் வைத்தேன். என் கை ஆடாமல் இருந்தது எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை டாக்டரின் மேசையில் சோதனை நடந்தது. எங்கள் மருத்துவ அலுவலர் மதுரைக்காரர், வயதானவர், சொற்பமாகப் பேசுகிறவர். யாராவது சங்கடமான சேதி கொண்டுவந்தால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிடுவார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொள்வார். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் காத்திருப்பதில்தான் எல்லாம் இருந்தது. நடுவில் யாராவது கதவைத் தட்டினால்கூட நம் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

மூன்று குப்பிகளைக் குலுக்கி வரிசையாக வைத்தேன். ஒன்று உறையவே உறையாதது, ஒன்று நான் உறைய வைத்தது, ஒன்று எஸ்தர் கொண்டுவந்தது. நல்லது கலங்கியபடியே நின்றது. மற்ற இரண்டிலும் வெள்ளை வண்டல் போட்டி போட்டுக்கொண்டு அடியில் இறங்கியது. கால்மணி நேரத்தில் இரண்டிலும் மேலே தெளிந்த தண்ணீர்.

டாக்டர் பேனாவை மூடினார். "பெட்டி கட்டுனது யாரு?"

"திருப்பிக் கட்டுனது நாந்தான் சார்," என்றாள் எஸ்தர். "வழியில ஐஸ் வாங்கி..."

அவள் சொல்ல ஆரம்பித்ததும் அவர் முகத்தில் வியப்பே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. இவள்மேல் எந்தத் தப்பைச் சொன்னாலும் நம்பும்படி ஆக்கியவள் நான். நான்கு மெமோ எழுதிக் கொடுத்து ஆக்கியிருக்கிறேன். இப்போது அந்த வசதியை நானே அனுபவிக்கிறேன்.

"இல்ல சார். நான் கட்டினேன். ஐஸ் வியர்க்கவே விடல. மூணு வாரமா" என்றேன். கூடவே, "நேத்து அவ தன்மேல போட்டுக்கறேன்னு சொன்னா, நான் சரின்னுட்டேன்" என்பதையும் சொன்னேன்.

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

எஸ்தர் அழத் தொடங்கினாள்.

"சார், நானும் ஒண்ணு மறைச்சுட்டேன். ரெண்டாவது வாரமே ஒரு குப்பியில பிசிறு பாத்தேன். அந்த ஒண்ணுதான் கெட்டுப்போச்சு போலன்னு தூக்கிப் போட்டுட்டு, உடைஞ்சிருச்சுன்னு எழுதிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா மூணாவது வாரம் எட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டிருக்க மாட்டேன்."

"ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "அக்காவுக்குப் பயந்துக்கிட்டு."

முப்பத்து மூன்று வருடத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. என் ஒழுங்கு, என் நேரம், என் அடித்தல் இல்லாத பதிவேடு எல்லாம் சேர்ந்து அந்த எட்டுக் குழந்தைகளுக்குச் செய்தது இதுதான்: உண்மை என்னிடம் வரப் பயந்தது.

டாக்டர் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்த ஊசி கணக்கில் வராது, நான்கு வார இடைவெளி விட்டு இருபத்து மூன்று பேருக்கும் திரும்பப் போடுங்கள் என்றார்கள். எங்கள் இருவருக்கும் மெமோ என்றார் டாக்டர். எழுந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "வீடு வீடாப் போய் நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போங்க."

மெமோ மறுநாளே வந்தது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். ஓடைப்பட்டிக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன். ஆயிரம் மெமோவுக்குக் காரணமாக இருந்திருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை. எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது."

"நெசமாவா?" அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுச் சமையல் பொறுப்பை ஒப்படைத்தமாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல தேதி போடுங்க. அடுத்து மெமோ நம்பர். அதை விட்டா திருப்பி அனுப்பிருவாக. முதல் பத்தியில காரணம் சொல்லாதீக, நடந்ததை மட்டும் சொல்லுங்க. காரணம் ரெண்டாவது பத்தி, அதுவும் ரெண்டே வரி. நீளமா எழுதினா பொய்யின்னு நினைப்பாக. அனுபவத்துல சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பஸ் போனது. எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதும், எனக்கு ஒன்று தெரியவில்லை என்பதே இன்னொருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் தரும் என்பதும் அந்த பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்தது. எழுதி முடித்ததும் அவள் டிபனைத் திறந்து பாதிப் புளியோதரையை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். கேட்கவில்லை, தள்ளினாள்.

ஊரில் பெரும்பாலான வீட்டில் சுலபமாகவே முடிந்தது. நான் நின்று, "தப்பு என்னோடது, பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்ல, ஆனா ஊசி திரும்பப் போடணும்" என்று சொல்வேன். பிறகு வேறு ஒன்று நடக்கும், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். ஒருத்தி சத்து மாத்திரையை முழுங்காமல் திராட்சைக்கொடி அடியில் போட்டுவருவதைச் சொன்னாள். இன்னொருத்தி மகனுக்குப் போன தவணை போடாமலேயே போட்டதாகச் சொன்னதை ஒப்புக்கொண்டாள். இத்தனை வருடம் என் பதிவேட்டில் இருந்ததில் பாதி, என்னைத் திருப்திப்படுத்த அவர்கள் சொன்னது.

செல்வி மட்டும் மசியவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கிற கவாத்து வேலைக்குப் போகிறவள். தலைச்சன் பெண் குழந்தை, மூன்றரை மாதம். அந்த எட்டுப் பேரில் ஒன்று. ஊசி போட்டபின் இரண்டு நாளும் குழந்தை காய்ச்சலில் அழுது தீர்த்திருந்தது.

"அம்புட்டு அழுகையும் சும்மாவா?" என்று கேட்டாள். கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் போனோம், அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் புருஷன் வெளியே வந்து, இனி வர வேண்டாம் என்றான். மற்ற இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் நாள் வந்தது, போட்டோம். ஒரு பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஊசி தடுக்கிற ஐந்து நோய்களில் அதுவும் ஒன்று. அன்று மத்தியானமே எஸ்தரைக் கூப்பிட்டுக்கொண்டு நான்காவது தடவையாகப் போனேன். ஊசிப்பெட்டி என் கையில் இருந்தது. ஐஸ்பேக் வியர்க்கும்வரை இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து காத்திருந்து, ஒவ்வொன்றையும் இருவருமே குலுக்கிப் பார்த்து அடுக்கிய பெட்டி.

செல்வி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லுங்க. மருந்து கெட்டது எங்களுக்குத் தெரியவா போகுது? நீங்க பாட்டுக்குப் பேசாம இருந்திருக்கலாம்ல? எதுக்கு வந்து சொன்னீக?"

நேர்மை, கடமை என்று வாயில் வந்தது. சொல்ல நாக்கு கூசியது. நான் நேர்மையானவள் இல்லை என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள். அந்த ஒரு "சரி"யைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்து, கேட்காமல் விட்டிருக்கிறேன்.

எஸ்தர்தான் பதில் சொன்னாள்.

"பேசாம இருக்கத்தான் ஒருநா பாத்தாக, தாயி. எங்க அக்காவுக்கு அது வரல. ஒரு ராத்திரிக்கு மேல தாங்கல. வெள்ளெனவே வந்து டாக்டரு கிட்ட அம்புட்டையும் கொட்டிட்டாக. பொய் சொல்லவும் பழக்கம் வேணும்ல? என்னைய மாதிரி." சொல்லிவிட்டு என் தோளில் தோளால் ஒரு இடி இடித்தாள்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கோ கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. ஆறு வாரமாக நான் மென்றுகொண்டிருந்த கேவலத்தை எஸ்தர் ஒரு கேலியாக்கி, மூன்றாம் மனுஷி முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். எங்க அக்கா என்றும் சொல்லிவிட்டாள்.

"அழுவாதீக நர்சம்மா," என்றாள் செல்வி. "ஊசிய எஸ்தரு போடட்டும். நீங்க பிள்ளையப் பிடிங்க."

குழந்தையை என் கையில் கொடுத்தாள். என் வேலைக்காலம் முழுக்க ஊசி போடுகிறவளாகத்தான் இருந்திருக்கிறேன், ஊசிக்குப் பிள்ளையைப் பிடித்ததே இல்லை. எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் எஸ்தரைப் பார்த்தேன்.

"நெஞ்சோட சேத்து வைங்கக்கா," என்றாள் அவள், தொடையில் பஞ்சால் துடைத்தபடி. "உங்களையப் பாத்து அது பயப்படல."